ஒரு கடல், இரு சட்டம்



இந்த அறக்கட்டளையின் பெயரில் நடக்கும் பொழிவு இயற்கையைப் பற்றியதாக இருக்க வேண்டும், கேட்டுவிட்டுப் போகிறவர்கள் செய்வதற்கு ஏதாவது ஒன்றை அது கொடுக்க வேண்டும் என்று நிறுவியவர் விரும்பியதாக அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். நல்ல நிபந்தனை. அதை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் நூறாண்டுகளுக்கு மேலாக எடுத்துவரும் முயற்சிகளே என் பொருள். அதை நம் கடலிலிருந்து தொடங்குகிறேன். மண்டபத்தில் ஒரு மீனவர் உலர்த்திய கடலட்டையைச் சாக்கில் கட்டி வைத்திருந்தால் அவருக்குக் குறைந்தது மூன்று ஆண்டுச் சிறை. ஏழாண்டு வரையும் போகலாம். கூடவே 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். புலியைக் கொன்றவருக்கும் யானையைக் கொன்றவருக்கும் எந்த அட்டவணைப்படி தண்டனையோ அதே அட்டவணைப்படிதான் இவருக்கும். கடலைத் தாண்டினால் தலைமன்னார். இடையில் இருப்பது குறுகிய கடல்தான். அங்கே உரிமம் பெற்ற ஒருவர் அதே அட்டையை எடுத்துக் காயவைத்து ஏற்றுமதி செய்தால் அவர் தொழில் செய்பவர். நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருபவர். அட்டை ஒன்றுதான், கடல் ஒன்றுதான். இரண்டு கரையிலும் பேசும் மொழியும் ஒன்றுதான்.

ஓர் உயிரினம் வாழும் எல்லை ஒன்றாகவும் அதைக் காக்கும் சட்டத்தின் எல்லை வேறாகவும் இருந்தால், அந்த இடைவெளியில்தான் கடத்தல் பிழைக்கிறது. அதை அடைக்க இரண்டு வேண்டும். அண்டை நாடுகளின் சட்டம் ஒத்துப்போக வேண்டும். அந்த உயிரை ஒட்டி வாழும் மக்களுக்கு அதன் நலத்தில் பங்கு வேண்டும். வென்ற உடன்படிக்கைகளில் இந்த இரண்டும் இருந்தன. தடுமாறியவற்றில் ஒன்றாவது இல்லாமல் போயிருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

1911: தோலில் பங்கு

வட பசிபிக் கடலில் பெரிங் நீர்ப்பரப்பின் நடுவே பிரிபிலோஃப் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. ரோமம் அடர்ந்த கடல்நாய்கள் ஆண்டுதோறும் குட்டி ஈன அங்கே கரையேறும். தோலுக்குப் பெரும் விலை இருந்ததால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கப்பல்களில் வந்து திறந்த கடலிலேயே அவற்றைச் சுடத் தொடங்கினார்கள். கடலில் சுட்டால் ஆண் எது, பெண் எது என்று தெரியாது. சுடப்பட்டவற்றில் பல மூழ்கிப் போகும். இரை தேடக் கடலுக்குப் போன தாய் திரும்பாவிட்டால் கரையில் கிடக்கும் குட்டி பட்டினியால் சாகும். ஒரு தோலுக்காக மூன்று உயிர் போகும் வேட்டை அது. பல லட்சமாக இருந்த மந்தை மிகச் சிறியதாகச் சுருங்கியது.

தீவு அமெரிக்காவுடையது. ஆனால் கடலில் சுட்டவர்களில் கனடாக்காரர்களும் ஜப்பானியர்களும் உண்டு. அமெரிக்கா தன் தீவில் எத்தனை காவலரை நிறுத்தினாலும் திறந்த கடலில் நடப்பதை நிறுத்த முடியவில்லை. 1911 ஜூலையில் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கனடாவுக்காக பிரிட்டன் ஆகிய நான்கும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. திறந்த கடல் வேட்டை நின்றது. பதிலாக, கரையில் அளவோடு எடுக்கும் தோலில் நூற்றுக்குப் பதினைந்தைக் கனடாவுக்கும் பதினைந்தை ஜப்பானுக்கும் அமெரிக்கா கொடுத்தது. வேட்டையை விட்டுக்கொடுத்தவருக்கு, விட்டுக்கொடுத்ததாலேயே வருமானம் வந்தது. கடல்நாய்கள் பெருகப் பெருக அவர்கள் பங்கும் பெருகியது. சில பத்தாண்டுகளில் மந்தை மீண்டும் பல லட்சமாயிற்று.

இதில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்தத் தீவிலேயே தலைமுறைகளாக வாழ்ந்து வேட்டையாடிய அலூட் பழங்குடியினர் நான்கு அரசுகளின் மேசையில் ஒரு தரப்பாக உட்காரவில்லை. பங்கு நாடுகளுக்குப் போனது. தீவின் மக்களுக்கு வேலைதான் மிஞ்சியது. இந்தக் குறை பின்வந்த பல உடன்படிக்கைகளிலும் தொடர்கிறது.

சைட்டிஸ் எப்படி வேலை செய்கிறது

இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமானமும் சரக்குக் கப்பலும் பெருகின. முதலைத் தோலும் சிறுத்தைத் தோலும் கிளியும் ஆமையும் கண்டம் விட்டுக் கண்டம் போயின. 1963இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் கூட்டம் நைரோபியில் நடந்தபோது, இந்த வணிகத்தை முறைப்படுத்த ஓர் உலக உடன்படிக்கை வேண்டும் என்று தீர்மானம் வந்தது. பத்தாண்டுப் பேச்சுக்குப் பிறகு 1973 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் அது ஒப்புக்கொள்ளப்பட்டது. 1975 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதைத்தான் சுருக்கமாகச் சைட்டிஸ் என்கிறோம். இந்தியா 1976இலும் இலங்கை 1979இலும் சேர்ந்தன. இன்று ஏறக்குறைய உலகம் முழுவதும் இதில் இருக்கிறது. மார்ச் 3ஐ உலகக் காட்டுயிர் நாளாகக் கொண்டாடுவதும் இதை ஒட்டித்தான்.

சைட்டிஸ் வேட்டையைத் தடை செய்வதில்லை. உள்நாட்டுச் சந்தையில் கை வைப்பதில்லை. அதற்குக் காவல்படை கிடையாது. எல்லையைக் கடக்கும் சரக்குக்கு அது ஒரு தாள் கேட்கிறது. அவ்வளவுதான் அதன் கருவி. அந்தத் தாள் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு மூன்று பட்டியல்கள்.

முதல் பட்டியலில் இருப்பவை அழிவின் விளிம்பில் நிற்பவை. அவற்றை வணிகத்துக்காக எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. புலி, எறும்புத்தின்னி வகைகள் எட்டும், 2019 முதல் நம் நட்சத்திர ஆமையும் இதில் இருக்கின்றன.

இரண்டாம் பட்டியல்தான் மிகப் பெரியது. சைட்டிஸில் உள்ள நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பகுதி இதில்தான். அவற்றிலும் பெரும்பகுதி தாவரங்கள். நம் செம்மரமும் இதில் இருக்கிறது. இவற்றை விற்கலாம். ஆனால் ஏற்றுமதி செய்யும் நாடு இரண்டைச் சான்றளிக்க வேண்டும். ஒன்று, சரக்கு சட்டப்படி பெறப்பட்டது என்பது. மற்றொன்று, இவ்வளவு எடுப்பதால் அந்த இனத்துக்குக் கேடு வராது என்று நாட்டின் அறிவியல் ஆணையம் சொல்வது.

மூன்றாம் பட்டியலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முதல் இரண்டில் ஓர் இனத்தைச் சேர்க்க மாநாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். மூன்றாவதில் சேர்க்க வாக்கே வேண்டாம். ஒரு நாடு தன் மண்ணில் சட்டத்தால் காக்கும் ஓர் இனத்தைத் தானே சேர்க்கலாம். "இதைக் காப்பதில் எங்களுக்கு உங்கள் உதவி வேண்டும்" என்று மற்ற நாடுகளிடம் கேட்பது அது. சேர்த்த பின், அந்த நாட்டிலிருந்து போகும் சரக்குக்கு அனுமதி வேண்டும்; வேறு எந்த நாட்டிலிருந்து போனாலும், இது எங்கே பிடிபட்டது என்று சொல்லும் பிறப்பிடச் சான்று வேண்டும். கடலட்டைக்கு வரும்போது இந்தப் பட்டியல் நமக்குத் தேவைப்படும்.

வெறும் தாள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. விதியை மீறும் நாட்டோடு காட்டுயிர் வணிகமே வேண்டாம் என்று மற்ற நாடுகளுக்குப் பரிந்துரைக்கும் வலிமை சைட்டிஸுக்கு உண்டு. அந்த அழுத்தம் பல நாடுகளைச் சட்டம் இயற்ற வைத்திருக்கிறது. நம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. சைட்டிஸ் பட்டியல்களுக்கென்று தனி அத்தியாயமும் தனி அட்டவணையும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அதில் ஏறின.

ஆனால் பட்டியலில் ஏற்றியதாலேயே உயிர் தப்பிவிடாது. 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய மாநாடு எறும்புத்தின்னிகள் அனைத்தையும் முதல் பட்டியலில் ஏற்றியது. அது 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2019 ஏப்ரலில் ஒரே வாரத்தில் சிங்கப்பூர் துறைமுகத்தில் இரண்டு கொள்கலன்கள் பிடிபட்டன. ஒன்றில் உறைய வைத்த மாட்டிறைச்சி என்று எழுதியிருந்தது; உள்ளே 12.9 டன் எறும்புத்தின்னிச் செதில். மற்றொன்றில் விதை மூட்டை என்று எழுதியிருந்தது, உள்ளே 12.7 டன் செதில். இரண்டும் நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்தவை. விரல் நகம் போன்ற பொருளால் ஆன, கையால் அள்ளினால் கனமே தெரியாத செதில் அது. 25 டன் சேர எத்தனை ஆயிரம் விலங்குகள் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எடுக்கும் காட்டில் பசியும் வாங்கும் ஊரில் ஆசையும் அப்படியே இருக்கும்போது நடுவில் இருக்கும் துறைமுகம் மட்டும் எத்தனையைத் தடுக்கும்?

தந்தம்: மூடியும் மூடாத கதவு

1979இல் ஆப்பிரிக்காவில் சுமார் 13 லட்சம் யானைகள் இருந்ததாக மதிப்பீடு. பத்தே ஆண்டில் அது ஏறக்குறையப் பாதியாயிற்று. 1989 ஜூலையில் கென்யாவின் அதிபர் டேனியல் அராப் மோய், நைரோபி தேசியப் பூங்காவில் 12 டன் தந்தத்துக்குத் தீ வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் லொசான் நகரில் கூடிய சைட்டிஸ் மாநாடு ஆப்பிரிக்க யானையை முதல் பட்டியலுக்கு மாற்றியது. தந்தத்தின் விலை விழுந்தது; பல சந்தைகள் வெறிச்சோடின.

அதன் பிறகு வந்த வழக்கு எளிதானதல்ல. போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே போன்ற தென் ஆப்பிரிக்கப் பகுதி நாடுகள், எங்கள் யானைகள் பெருகியிருக்கின்றன, பயிரை மிதிக்கின்றன, ஆளைக் கொல்கின்றன, இயற்கையாக இறந்த யானையின் தந்தத்தையாவது விற்று அந்தப் பணத்தைப் பாதுகாப்புக்கும் கிராமங்களுக்கும் தருகிறோம் என்றன. கென்யா போன்ற கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள், ஒரு துளி சட்டப்பூர்வத் தந்தம் சந்தைக்கு வந்தாலும் அதன் மறைவில் திருட்டுத் தந்தம் ஆறாக ஓடும் என்றன. இரண்டு தரப்பும் தம் மக்களின் துன்பத்திலிருந்துதான் பேசின. 1999இல் ஏறக்குறைய 50 டன் அனுமதியோடு ஜப்பானுக்கு விற்கப்பட்டது. 2008இல் நூறு டன்னுக்கு மேல் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போயிற்று.

அடுத்த ஆண்டுகளில் வேட்டை மீண்டும் ஏறியது. 2016இல் வெளியான யானைப் பெருங்கணக்கெடுப்பு, 18 நாடுகளில் 3,52,271 சவானா யானைகளை எண்ணியது. 2007 முதல் 2014 வரை மட்டும் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் அளவுக்கு அவை குறைந்திருந்தன. விற்பனைதான் முழுக் காரணமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று. வாங்கும் நாட்டில் சந்தை திறந்திருந்தவரை, விற்ற சரக்கையும் திருட்டுச் சரக்கையும் கடைக்கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்த்துப் பிரித்தறிய யாராலும் முடியவில்லை. 2017 இறுதியில் சீனா தன் உள்நாட்டுத் தந்தச் சந்தையையும் மூடியது. சைட்டிஸ் கை வைக்க முடியாத இடம் அது. ஒரு நாடு தானாக முன்வந்து மூடியதால்தான் நடந்தது. எடுக்கும் முனையில் போட்ட தடையும் வாங்கும் முனையில் உள்ள சட்டமும் ஒத்துப்போகாவிட்டால், தடை பாதியாகத்தான் நிற்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை.

விகுனா: உயிரோடு விட்டதால் வந்த வருமானம்

ஆண்டீஸ் மலையின் உச்சிப் புல்வெளிகளில் விகுனா என்ற விலங்கு வாழ்கிறது. ஒட்டகக் குடும்பம், மான் அளவு உடல். உலகின் மிக மெல்லிய கம்பளி இழைகளில் ஒன்று அதன் உடலில் வளர்கிறது. துப்பாக்கியால் சுட்டுத் தோலோடு உரித்து விற்றதால் 1960களில் அது பத்தாயிரம் அளவுக்குச் சுருங்கியது. 1969இல் பெருவும் பொலிவியாவும் லா பாஸ் நகரில் வேட்டையை நிறுத்த உடன்பட்டன. அர்ஜென்டினாவும் சிலியும் பின்னர் சேர்ந்தன. சைட்டிஸ் அதை முதல் பட்டியலில் ஏற்றியது.

பத்தாண்டு கழித்து 1979இல் லிமா நகரில் கூடியபோது அந்த நாடுகள் ஒரு படி மேலே போயின. விகுனா மலைவாழ் மக்களின் வாழ்வாதாரமாக வேண்டும் என்று உடன்படிக்கையிலேயே எழுதின. சாக்கு என்ற பழைய முறை திரும்பியது. ஊரே திரண்டு, வண்ணத் துணி கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு மலைச்சரிவில் மனிதச் சங்கிலியாக நடக்கும். சங்கிலி மெல்லக் குறுகக் குறுக விகுனாக்கள் தொழுவத்துக்குள் போய்ச் சேரும். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கம்பளியைக் கத்தரித்து உயிரோடு விட்டுவிடுவார்கள். ஒரு விலங்கிடம் கிடைப்பது கால் கிலோகூட இல்லை. ஆனால் மீண்டும் வளர்ந்ததும் மீண்டும் கத்தரிக்கலாம். இப்படி உயிரோடு எடுத்த கம்பளிக்கு மட்டும் வழிவிடும்படி 1987 முதல் சில மந்தைகளைச் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலுக்கு மாற்றியது. இன்று விகுனாக்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன.

செத்த விகுனாவைவிட உயிரோடு இருக்கும் விகுனாவால் ஊருக்கு வருமானம் என்றானபோது, வேட்டைக்காரன் வந்தால் முதலில் தடுப்பவன் இடையன்தான். ஐரோப்பிய ஆடம்பரக் கடையில் விகுனாக் கம்பளியாடை விற்கும் விலைக்கும் மலைக் கிராமத்துக்குப் போய்ச் சேரும் தொகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அந்த அநீதியை எதிர்த்து அந்த மக்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பங்கு என்றால் பேருக்குக் கொடுப்பதல்ல என்ற பாடமும் அங்கேயே இருக்கிறது.

மன்னார் வளைகுடாவின் அட்டை

இனி நம் கடலுக்கு வருவோம். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள். 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்கே கடல்புல் படுகையில், மணலில் பாதி புதைந்து, வெள்ளரிக்காய் நீளத்தில் கிடக்கிறது வெள்ளை அட்டை.

அதற்குக் கண் இல்லை, தலை என்று தனியாக ஒன்றும் இல்லை. வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளால் மணலை அள்ளி விழுங்கும். மணலோடு கலந்த மக்கலை உறிஞ்சிக்கொண்டு சுத்தமான மணலை வெளியே தள்ளும். நாள் முழுக்க இதே வேலை. நிலத்தில் மண்புழு செய்வதைக் கடலில் அது செய்கிறது. அது கிளறிவிடும் மணலில் கடல்புல் தழைக்கிறது. அந்தப் புல்லைத்தான் கடற்பசு மேய்கிறது. துன்புறுத்தினால் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டுத் தப்பும். பின்னர் உள்ளே புதுக்குடல் வளரும். இத்தனை உறுதியான உயிர் ஒரு விஷயத்தில் மட்டும் மிகப் பலவீனமானது. ஆணும் பெண்ணும் இணைசேர்வதில்லை. முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுவிடும். அருகருகே இருந்தால் அவை கலக்கும். எட்ட எட்ட இருந்தால் நீரோட்டத்தில் கரைந்து போகும். ஆகவே ஒரு படுகையில் அட்டையை முக்கால்வாசி எடுத்துவிட்டால் மிஞ்சிய கால்வாசி பெருகி நிரப்பும் என்று நம்ப முடியாது. உயிரோடு இருந்தும் அவை மலடாகிவிடும். உலகெங்கும் அட்டைப் படுகைகள் சடசடவென்று காலியாவதற்கும், பல ஆண்டு விட்டும் மீளாமல் கிடப்பதற்கும் காரணம் இது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் வெள்ளை அட்டை அருகிவரும் இனமாக ஏறியிருக்கிறது.

சீன விருந்துக்காக இந்த வணிகம் பல நூற்றாண்டாக நம் கரையில் நடந்தது. குடலை எடுத்து, அண்டாவில் வேகவைத்து, ஈர மணலில் ஒரு ராத்திரி புதைத்து வைப்பார்கள். காலையில் தோண்டியெடுத்துக் கடல்நீரில் காலால் மிதித்துச் சுண்ணாம்புத் தோலைக் கழற்றி, மறுபடியும் வேகவைத்து வெயிலில் காயப்போடுவார்கள். ஈர எடையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மிஞ்சியது கருங்கல் மாதிரி இறுகியிருக்கும், ஆண்டுக்கணக்கில் கெடாது. கடத்தலுக்கு இதைவிட வசதியான சரக்கு எது? கெடாது, கத்தாது, சாக்கில் கட்டிப் படகின் அடியில் போட்டுவிடலாம்.

1982இல் மூன்று அங்குலத்துக்குக் குறைவான காய்ந்த அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று அரசு விதித்தது. 2001 ஜூலையில் கடலட்டை, கடல்குதிரை, சுறா, திருக்கை அனைத்தையும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏற்றியது. சுறாவுக்கும் திருக்கைக்கும் வந்த தடையை மீனவர்கள் எதிர்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அது பத்து இனங்களாகக் குறைக்கப்பட்டது. அட்டைக்கும் கடல்குதிரைக்கும் முழுத்தடை அப்படியே நின்றது. சங்கு குளித்தும் அட்டை எடுத்தும் வாழ்ந்த குடும்பங்களுக்கு மாற்று என்ன என்ற கேள்விக்கு அந்த ஆணையில் பதில் இல்லை.

ராமநாதபுரம் கரையில் விலங்கியல் மாணவர்களோடு அலைந்தவன் என்ற முறையில், அந்த மக்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். "மடிவலையில மீனோட மீனா அட்டையும் ஏறிடுது சார். அதை நாங்க வரவழைக்கலை. கையில வச்சிருந்தா கேஸு. கடல்ல விட்டா அக்கரைக்காரன் எடுப்பான், அவனுக்கு லைசென்ஸ் இருக்கு. அப்ப இந்தச் சட்டம் அட்டையைக் காப்பாத்துதா, இல்ல எங்களை மட்டும் பிடிக்குதா?" இந்தக் கேள்வியை அட்டையின் மீது அக்கறை இல்லாதவரின் பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டம் எழுதியவர்கள் விட்டுவிட்ட இடத்தைத்தான் அவர் சுட்டுகிறார்.

அக்கரையிலும் எல்லாம் நலம் என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் அட்டை எடுக்கவும் கொண்டுபோகவும் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்; ஏற்றுமதி சட்டப்பூர்வமானது. அண்மை ஆண்டுகளில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார்க் கரைகளில் கடலட்டைப் பண்ணைகள் வேலியடைத்துப் பெருகின. அவற்றில் வருமானம் பெறும் குடும்பங்கள் உண்டு. எங்களைக் கேளாமல் எங்கள் மீன்பிடிக் கடலை அடைக்கிறார்கள், படகு போக வழியில்லை, சிறுமீன் வராது என்று தெருவில் இறங்கிய கடற்றொழிலாளர்களும் உண்டு. தடை போட்ட கரையிலும் திறந்துவிட்ட கரையிலும் ஒரே குறை கேட்கிறது. முடிவெடுத்தபோது எங்களைக் கேட்கவில்லை என்பதுதான் அது.

இதில் சைட்டிஸ் எங்கே நிற்கிறது? 2019இல் ஜெனீவா மாநாடு மூன்று வகைக் கடலட்டைகளை இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2022இல் பனாமா மாநாடு இன்னொரு பேரினத்தைச் சேர்த்தது. நம் கடலில் அதிகம் தேடப்படும் வெள்ளை அட்டை அவற்றில் இல்லை. ஆகவே ராமேசுவரத்தில் பிடிபட்ட வெள்ளை அட்டை இரவோடு இரவாகக் கடலைத் தாண்டி அக்கரைச் சரக்கோடு கலந்துவிட்டால், சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ சரக்கை இறக்குகிறவரிடம் இது எந்தக் கடலில் பிடித்தது என்று உலக உடன்படிக்கை கேட்பதில்லை.

என்ன செய்யலாம்

நிறுவியவரின் நிபந்தனைப்படி, செய்யக்கூடியதாக மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, இந்தியா வெள்ளை அட்டையைச் சைட்டிஸின் மூன்றாம் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதற்கு எந்த மாநாட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். யாருடைய வாக்கும் வேண்டாம். சைட்டிஸ் செயலகத்துக்கு அறிவித்தால் போதும். ஈக்வடார் தன் கரையில் அழிந்துகொண்டிருந்த ஒரு கடலட்டையை 2003இல் இப்படித்தான் சேர்த்தது. சேர்த்தால், எந்த நாட்டிலிருந்து வெள்ளை அட்டை ஏற்றுமதியானாலும் பிறப்பிடச் சான்று கூடவே போக வேண்டும். இது இலங்கையின் தொழிலை முடக்காது. முறையாக எடுக்கும் அங்குள்ள மீனவருக்கு அது காப்பாகவே இருக்கும். கடத்தல் சரக்கு அவருடைய விலையைக் கெடுக்காது. பின்னர் இரு நாடுகளும் சேர்ந்து இரண்டாம் பட்டியலுக்கு முன்மொழியலாம்.

இரண்டாவது, இரு நாட்டுக் கடல் ஆய்வாளர்களும் ஒரே முறையில், ஒரே பருவத்தில் அட்டையைக் கணக்கெடுக்க வேண்டும். 1974இலும் 1976இலும் கடலில் கோடு போட இரு அரசுகளும் உட்கார்ந்து பேசின. அந்தக் கோட்டின் இருபுறமும் ஒரு சதுர மீட்டரில் எத்தனை அட்டை இருக்கிறது என்று எண்ண உட்கார்ந்து பேசுவது அதைவிடக் கடினமல்ல. இருக்கும் எண்ணிக்கை தெரியாமல் தடையை நீட்டுவதும் தடையை எடுப்பதும் இரண்டுமே குருட்டு வேலை.

மூன்றாவது, பங்கு. தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் 1988இலேயே வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். அந்த அறிவு ஆய்வேட்டில் தூங்க வேண்டியதில்லை. பொரிப்பகக் குஞ்சுகளைத் தேசியப் பூங்காவுக்கு வெளியே உள்ள படுகைகளில் விட்டு வளர்க்கும் பொறுப்பை, முன்பு அட்டை எடுத்து வாழ்ந்த ஊர்களிடமே கூலியோடு ஒப்படைக்கலாம். மடியில் ஏறிய அட்டையைத் திருப்பி விடுபவருக்கு ஊக்கத்தொகை தரலாம். தடையை இன்றே எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தந்தத்தின் கதையைச் சொல்லிவிட்டு அதைச் சொல்ல முடியாது. கணக்கெடுப்பு நம்பிக்கை தந்தால், பிறப்பிடச் சான்று நடைமுறையில் நின்றால், அப்போது ஊர்க் கூட்டுறவுகளுக்கு அளவோடு எடுக்கும் உரிமையைப் பற்றிப் பேசலாம். அதுவரை, காப்பவருக்குக் காப்பதற்கான வருமானம் வர வேண்டும்.

1992இல் ரியோவில் பிறந்த உயிர்ப்பன்மய உடன்படிக்கையின் மூன்று நோக்கங்களில் ஒன்று, பயனை நியாயமாகப் பகிர்வது. 2022 டிசம்பரில் அதன் கீழ் உருவான குன்மிங்–மான்ட்ரியல் கட்டமைப்பு வகுத்த 23 இலக்குகளில் ஐந்தாவது, காட்டுயிர்களை எடுப்பதும் விற்பதும் நீடித்ததாக, பாதுகாப்பானதாக, சட்டப்படியானதாக இருக்க வேண்டும் என்கிறது. உயிர்ப்பன்மய உடன்படிக்கைக்காக நாம் இயற்றிய 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. ஊர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்பது அதே சட்டம். மாணவ நண்பர்களே, இங்கேதான் உங்கள் வேலை. உங்கள் கடலோர ஊரின் பதிவேட்டில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊரின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் பேசி எழுதச் செய்யுங்கள். எங்கே கிடந்தது, எந்த ஆழம், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று முதிய குளியாள்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னபடியே பதியுங்கள். மூன்றாம் பட்டியலுக்கு அரசு எழுதும் கடிதத்தோடு வைக்க வேண்டிய சான்று அதுதான்; நாளைக்கு மேசையில் தங்களுக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்று அந்த ஊர் கேட்கும்போது கையில் இருக்க வேண்டிய ஆவணமும் அதுதான்.

உலக மாநாடுகள் ஜெனீவாவிலும் பனாமாவிலும் கூடட்டும். அவை நிறைவேற்றும் தீர்மானத்துக்கு உயிர் வருவது மண்டபத்திலும் மன்னாரிலும் அதை நம்பும் மக்கள் இருந்தால்தான். அந்த நம்பிக்கையை இரு கரையிலும் சேர்த்துக் கட்டும் வேலையில் தமிழ் பேசும் ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் உள்ள வாய்ப்பு வேறு யாருக்கும் இல்லை. இரு கரை மீனவரிடமும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசக்கூடியவர்கள் நாம்தான். அந்தப் பேச்சை இந்த ஆண்டே தொடங்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.